ஒரே மூச்சில் எழுதிய கதையைத் திருத்தினால் உயிர் போய்விடுமா?

பொருநைக்கரை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ஐந்து வருடமாகச் சிறுகதை எழுதுகிறேன். பகலில் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு வேலை, ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு பத்து மணிக்கு மேல் போனிலேயே தட்டித் தட்டி எழுதுவேன். உட்கார்ந்தால் ஒரே மூச்சு. ஒரு கதைக்கு ஒரு ராத்திரி, மிஞ்சிப்போனால் இரண்டு. முடித்த கையோடு அனுப்பிவிட்டுத்தான் படுப்பேன், இல்லையென்றால் தூக்கம் வராது.

போன மாதம் ஒரு பத்திரிகைக்கு அனுப்பிய கதை திரும்பி வந்தது. வழக்கமாகப் பதிலே வராது, இந்தத் தடவை அதிசயமாக ஒரு வரி எழுதியிருந்தார்கள். கரு நன்றாக இருக்கிறது, ஆனால் இன்னும் இரண்டு தடவையாவது திருத்தி எழுதியிருக்க வேண்டும் என்று. முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் சரி, திருத்தித்தான் பார்ப்போமே என்று மூன்று ராத்திரி உட்கார்ந்தேன். என்ன செய்வது என்றே பிடிபடவில்லை. 'சென்றான்' என்று இருந்ததைப் 'போனான்' ஆக்கினேன், மறுநாள் அதையே மறுபடி 'சென்றான்' ஆக்கினேன். மூன்றாம் நாள் படித்தால் யாரோ எழுதிய அரசாங்கக் கடிதம் மாதிரி இருக்கிறது.

என்னோடு எழுத ஆரம்பித்த நண்பன் ஒருவன் சொல்கிறான், முதலில் வருவதுதான் உண்மை, அதில் கை வைத்தால் உயிர் போய்விடும் என்று. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் திரும்பி வந்தது என் கதைதானே, அவன் கதை இல்லையே.

என் கேள்வி இதுதான். 'திருத்துவது' என்றால் நீங்கள் எல்லாம் உண்மையில் உட்கார்ந்து என்னதான் செய்கிறீர்கள்? கதையின் முதல் பத்தியைக் கீழே போடுகிறேன், இரக்கம் பார்க்காமல் சொல்லுங்கள்.

> காலை சூரியன் கிழக்கே தன் பொன்னிற கதிர்களை பரப்பிக்கொண்டிருந்த அந்த இனிமையான காலை பொழுதில் முருகேசன் தன்னுடைய சைக்கிள் கடையை திறப்பதற்காக தன் வீட்டிலிருந்து கிளம்பி நடந்து சென்றுகொண்டிருந்தான். அவன் மனதில் ஆயிரம் எண்ணங்கள் அலைமோதிக்கொண்டிருந்தன. நேற்று இரவு மகள் கேட்ட அந்த கேள்வி அவன் நெஞ்சை முள்ளாய் குத்திக்கொண்டே இருந்தது. "அப்பா, நம்ம கடைக்கு ஏன் யாருமே வர மாட்டேங்குறாங்க?" என்று அவள் கேட்டாள். அவன் பதில் சொல்ல முடியாமல் மெளனமாக இருந்தான். கடையை அடைந்தவன் சுவற்றில் மாட்டியிருந்த பழைய டியூபை எடுத்து கத்தி கொண்டு வெட்ட ஆரம்பித்தான்.

---

கூட்டுப்புழு:

எனக்குப் பிடித்திருக்கிறது. மகளின் கேள்வி நெஞ்சில் நிற்கிறது. திருத்துகிறேன் பேர்வழி என்று கெடுத்துவிடாதீர்கள். நானெல்லாம் எழுதியதைத் திரும்பப் படிக்கவே மாட்டேன், படித்தால் அனுப்பும் தைரியம் போய்விடும்.

---

மெய்ப்புமேசை:

தம்பி, இரக்கம் பார்க்க வேண்டாம் என்று சொன்னதால் எழுதுகிறேன். நான் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவன், 22 வருடம் ஆகிறது. கல்யாணப் பத்திரிகை முதல் முனைவர் பட்ட ஆய்வேடு வரை என் மேசையைத் தாண்டித்தான் போகும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். பிழை பார்ப்பது வேறு, செம்மைப்படுத்துவது வேறு. நீங்கள் மூன்று ராத்திரி செய்தது இரண்டுமே இல்லை, சொல்லை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். வீட்டில் நாற்காலியை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு இழுப்பது மாதிரி. அதனால்தான் களைப்பு வந்தது, கதை மாறவில்லை.

பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சுலபம். 'காலைச் சூரியன்', 'பொன்னிறக் கதிர்களைப் பரப்பி', 'காலைப் பொழுதில்', 'கடையைத் திறப்பதற்காக', 'அந்தக் கேள்வி', 'முள்ளாய்க் குத்தி', 'எடுத்துக் கத்தி'. இத்தனை இடத்தில் ஒற்றை, அதாவது இரண்டு சொல்லுக்கு நடுவில் வர வேண்டிய க், ச், த், ப் எழுத்தை, விட்டிருக்கிறீர்கள். 'சுவற்றில்' இல்லை, 'சுவரில்'. கிணறு கிணற்றில் ஆகும், சுவர் சுவற்றில் ஆகாது. 'மெளனமாக' என்று நீங்கள் தட்டியிருப்பது மெ போட்டு அப்புறம் ள. கண்ணுக்கு 'மௌனம்' மாதிரியே தெரியும், ஆனால் கணினிக்கு அது வேறு சொல், தேடினால் அகப்படாது. எங்களிடம் வருகிற கோப்புகளில் பாதியில் 'கெளரி'யும் 'மெளன'மும்தான். போனில் ஔகாரத்தைத் தனியாகத் தேடிப் போட வேண்டும், கொஞ்சம் சிரமம்தான்.

சரி, ஒற்றுதானே, வாசகர் புரிந்துகொள்ள மாட்டாரா என்பீர்கள். உங்கள் கடைசி வரியைப் பாருங்கள். 'எடுத்து கத்தி கொண்டு வெட்ட ஆரம்பித்தான்.' கத்தியால் வெட்டினான் என்றால் 'கத்தி கொண்டு' சரி, அங்கே ஒற்று வரக் கூடாது. சத்தம் போட்டான் என்றால் 'கத்திக்கொண்டு'. 'கத்தி கொண்டு' என்று நீங்கள் எழுதியது சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் இத்தனை இடத்தில் ஒற்றை விட்டவர் இந்த இடத்தில் மட்டும் வேண்டுமென்றேதான் விட்டார் என்று நான் எப்படி நம்புவது? மகள் கேட்ட கேள்வியால் நொந்துபோனவன் கடைக்கு வந்து கத்திக்கொண்டே டியூபை வெட்டினான் என்றும் படிக்கலாம், அதுவும் பொருந்துகிறது! பிழை மலிந்த எழுத்தில் நடக்கிற பெரிய நஷ்டம் இதுதான். நாம் தெரிந்தே சரியாக எழுதியதையும் வாசகர் சந்தேகப்படுவார்.

நாவி, வாணி என்று இணையத்தில் தமிழுக்கே செய்த திருத்திகள் இருக்கின்றன. நாவி சந்திப் பிழையை, அதாவது இந்த ஒற்றுப் பிழையைக் காட்டும், வாணி எழுத்துப் பிழையை. போட்டுப் பாருங்கள், ஆனால் அது சொன்னதையெல்லாம் அப்படியே ஏற்காதீர்கள். உங்கள் முருகேசன் கையில் இருப்பது கத்தியா தொண்டையில் இருப்பது கத்தலா என்று எந்த மென்பொருளுக்கும் தெரியாது.

இப்போது பெரிய விஷயம். பத்தியில் எத்தனை 'கொண்டு' என்று எண்ணிப் பாருங்கள். பரப்பிக்கொண்டு, சென்றுகொண்டு, அலைமோதிக்கொண்டு, குத்திக்கொண்டு. நான்கு. ஐந்தாவதாகக் கத்தியும் கொண்டு. முதல் வாக்கியத்திலேயே 'காலை' இரண்டு தடவை, 'தன்' மூன்று தடவை. இது ஏன் உங்கள் கண்ணில் படவில்லை என்று எனக்குத் தெரியும், நீங்கள் போனில் எழுதுகிறீர்கள். போன் திரையில் ஒரு நேரத்தில் ஏழெட்டு வரிதான் தெரியும், விசைப்பலகை வேறு பாதியை மறைக்கும், நாலாவது கொண்டு தட்டும்போது முதல் கொண்டு மேலே ஏறி மறைந்திருக்கும். எழுதுவதைப் போனில் எழுதுங்கள், தப்பில்லை. திருத்துவதைத் தாளில் செய்யுங்கள். இரண்டு வரி இடைவெளி விட்டு ஏ4 தாளில் அச்செடுத்தால் பத்துப் பக்கம் வரும், ஜெராக்ஸ் கடையில் டீக்காசுதான் ஆகும். சிவப்புப் பேனா வேண்டாம், அது பள்ளிக்கூட ஞாபகம் தரும், பென்சில் போதும்.

அப்புறம் ஒன்று. உங்கள் கதை சூரியனில் ஆரம்பிக்கவில்லை, மகளின் கேள்வியில் ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் இருப்பது கதை இல்லை, நீங்கள் எழுதக் கை சூடேற்றிக்கொண்டது. எல்லோரும் சூடேற்றத்தான் வேண்டும். அதை அச்சுக்கு அனுப்ப வேண்டியதில்லை.

---

ஓய்ந்த வாத்தியார்:

மேலே சொன்னவர் நன்றாகச் சொல்லியிருக்கிறார், அடியேன் பழைய பஞ்சாங்கம், என் பங்குக்கு ஒன்று. 34 வருடம் மேல்நிலைப் பள்ளியில் தமிழ் நடத்தினேன், வருடா வருடம் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்த ஒரு சூத்திரத்தின் அருமை எனக்கே ஓய்வு பெற்ற பிறகு சொந்தமாகக் கட்டுரை எழுத ஆரம்பித்தபோதுதான் உறைத்தது.

நன்னூல் பாயிரத்தில் பவணந்தியார் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றம் என்று ஒரு வரிசை சொல்கிறார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயனின்மை. 13ஆம் நூற்றாண்டுச் சரக்கு. எழுதியதைத் திருத்த உட்காருகிறவனுக்கு இதைவிட நல்ல பட்டியல் இன்றுவரை என் கண்ணில் படவில்லை. இலக்கண நூலுக்குச் சொன்னது கதைக்குப் பொருந்துமா என்று கேட்கலாம், போட்டுப் பார்த்தால் பொருந்துகிறது.

தம்பியின் பத்தியையே எடுத்துக்கொள்வோம். 'காலைச் சூரியன்… காலைப் பொழுதில்' கூறியது கூறல். கிளம்பி, நடந்து, சென்று, மூன்றும் ஒரே வேலை, மிகைபடக் கூறல். கத்தி விவகாரம் மயங்க வைத்தல். 'ஆயிரம் எண்ணங்கள் அலைமோதின' என்பது வெற்றெனத் தொடுத்தல், ஏனென்றால் அந்த ஆயிரத்தில் ஒன்றையாவது சொல்லியிருந்தால் அது எண்ணம், சொல்லாதவரை வெறும் சத்தம். இன்னொன்று நுட்பமானது. நெஞ்சில் முள் குத்துகிறவனுக்கு அது எப்படி 'இனிமையான காலை' ஆகும்? அவனுக்கா இனிமை, எழுதுகிறவருக்கா? மாறுகொளக் கூறல் என்று நான் வகுப்பில் சொன்னபோதெல்லாம் முன்பக்கம் ஒன்று சொல்லிப் பின்பக்கம் வேறொன்று சொல்வது என்றுதான் விளக்கினேன். ஒரே பத்திக்குள்ளும் அது நடக்கும் போல.

பத்திலும் எனக்குப் பிடித்தது சென்று தேய்ந்து இறுதல். என்ன ஒரு சொல்! ஒரே ராத்திரியில் எழுதுகிறவர்களுக்கு வருகிற வியாதி அதுதான். பத்து மணிக்கு ஆரம்பித்த முதல் பக்கத்தில் சூரியன், கதிர், முள் எல்லாம் இருக்கும். விடிகாலை இரண்டு மணிக்கு எழுதிய கடைசிப் பக்கத்தில் 'அவன் அழுதான். முற்றும்.' தம்பி கடைசிப் பக்கத்தைப் போடவில்லை, அதனால் குற்றம் சாட்டவில்லை. ஆனால் வீட்டில் எடுத்துப் பாருங்கள், முதல் பக்கத்துக்கு எவ்வளவு நேரம் ஆனது, கடைசிப் பக்கத்துக்கு எவ்வளவு என்று.

நண்பர் சொன்ன 'முதலில் வருவதே உண்மை' பற்றியும் ஒரு வார்த்தை. நம் மரபில் அப்படி யாரும் விடவில்லை. தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரமே, பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானுக்கு 'அரில்தபத் தெரிந்து' நூல் சொல்லப்பட்டது என்கிறது. அரில் என்றால் குற்றம், தப என்றால் நீங்க. நூல் முடிந்தது என்று சொல்ல எழுதியவன் மட்டும் போதாது, எதிரே உட்கார்ந்து கேட்க ஓர் ஆசான் வேண்டியிருந்தது. அரங்கேற்றம் என்றால் நாம் இப்போது மாலை மரியாதை என்று நினைக்கிறோம், அன்று அது இப்படிக் குற்றம் பார்க்கும் இடம்.

---

ரிம்பெண்டு:

இலக்கணம் எனக்குத் தெரியாது, ஆனால் என் அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார், நான் அந்தக் கடையில் வளர்ந்தவள். அதனால் கேட்கிறேன். முருகேசன் காலையில் கடையைத் திறந்ததும் டியூபை எதற்குக் கத்தியால் வெட்டுகிறார்?

பஞ்சர் ஒட்டப் பழைய டியூபைத் துண்டு போடுவது உண்டு, ஆனால் கத்திரிக்கோலால். அதுவும் வேலை இல்லாத மத்தியானத்தில் பத்துப் பதினைந்து துண்டு வெட்டி டப்பாவில் போட்டுவைப்பார் அப்பா. காலையில் முதல் வேலை கடைக்கு முன்னால் தண்ணீர் தெளிப்பது, பம்பை வெளியே எடுத்து வைப்பது, பஞ்சர் பார்க்கிற தொட்டியில் தண்ணீர் மாற்றுவது. பஞ்சர் என்றால் டியூபை வெளியே எடுத்துக் காற்றடித்துத் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக முக்குவார், குமிழி வருகிற இடத்தில் அடையாளம் வைத்து, துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவிக் காயவிட்டு, துண்டை ஒட்டிச் சுத்தியலால் தட்டுவார். அந்தச் சொல்யூஷன் வாசனை அப்பா சட்டையில் ஞாயிற்றுக்கிழமைகூட இருக்கும்.

உங்கள் கதையில் இந்த வாசனை எங்கேயும் இல்லை. சூரியன் எல்லாக் கதையிலும் இருக்கிறது. நீங்கள் திருத்துவது என்றால் சொல்லை மாற்றுவது என்று நினைக்கிறீர்கள், எனக்கென்னவோ நீங்கள் ஒரு நாள் காலையில் ஒரு சைக்கிள் கடையில் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வர வேண்டும் என்று தோன்றுகிறது. அதுவும் திருத்துவதுதானே?

இன்னொன்று. கடைக்கு யாருமே வரவில்லை என்றால் ஏன் வரவில்லை? எங்கள் ஊரில் பைக் வந்து வாடகை சைக்கிளைத்தான் முதலில் கொன்றது. மணிக்கணக்கில் எடுத்துப் போகிறவர்கள் பெயரை எழுதிவைக்கும் நோட்டு ஒன்று இருக்கும், ஒரு வருடத்தில் அந்த நோட்டு நிற்கவே நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் இலவச சைக்கிள் கொடுத்த பிறகு பஞ்சர் வேலை கொஞ்சம் கூடத்தான் செய்தது, அப்பா அதை நம்பி இன்னும் சில வருடம் ஓட்டினார். உங்கள் முருகேசன் எந்தக் காலத்தில் இருக்கிறார் என்று ஒரு வரியாவது வேண்டும்.

---

நடுச்சாமம்:

எல்லோரும் வெட்டு வெட்டு என்கிறீர்கள், மறுபக்கமும் ஒன்று இருக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் ரேமண்ட் கார்வர் கதை தெரியுமா? 1981இல் அவருக்குப் பெயர் வாங்கித்தந்த தொகுப்பில், அவர் கொடுத்த பிரதியில் பாதிக்கும் மேல் வெட்டியவர் அவருடைய எடிட்டர் கோர்டன் லிஷ். புத்தகத்தை நிறுத்திவிடச் சொல்லிக் கெஞ்சி 1980 ஜூலையில் கார்வர் எழுதிய கடிதம் பிற்பாடு வெளியே வந்தது. புத்தகம் நிற்கவில்லை, வந்தது, கொண்டாடினார்கள். கார்வர் 1988இல் இறந்துபோனார். வெட்டாத மூலப் பிரதி 2009இல்தான் புத்தகமாக வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் சில கதை வெட்டியதால் பிழைத்திருக்கிறது, சில கதையில் மனிதர்களின் ஈரமே வற்றிவிட்டது. எனக்கு அப்படித்தான் படுகிறது, வேறு மாதிரி சொல்கிறவர்களும் உண்டு.

ஆக பொருநைக்கரையின் பயம் ஒன்றும் அசட்டுத்தனம் இல்லை. ஆனால் அது மற்றவர் கத்தரியைப் பற்றிய பயம். தன் கதையைத் தானே திருத்துகிறவனுக்கு ஒரு வசதி உண்டு, பழைய பிரதி பத்திரமாக இருக்கும். ஒவ்வொரு தடவையும் கோப்பை வேறு பெயரில் சேமித்துவிட்டுக் கை வையுங்கள். அந்த தைரியத்தில்தான் நான் வெட்டுகிறேன். வெட்டியதில் திரும்ப எடுத்து வைத்தது என்று பார்த்தால் பத்தில் ஒன்றுகூட இருக்காது.

---

பனங்காய்:

எனது அனுபவம் வேறு மாதிரி. நான் யாழ்ப்பாணத்தவன், எனது கதை ஒன்றைத் தமிழ்நாட்டில் ஒரு பதிப்பகம் தொகுப்பில் சேர்த்தபோது 'கதைத்தான்' என்று நான் எழுதியதை எல்லா இடத்திலும் 'பேசினான்' என்று மாற்றியிருந்தார்கள். எங்கட ஊரில் 'பேசினான்' எண்டால் ஏசினான். தாயும் மகனும் அன்பாகக் கதைத்துக்கொண்டிருந்த இடம் முழுவதும் அச்சில் சண்டை பிடிக்கிற மாதிரி எங்கட ஆட்கள் வாசித்தார்கள். அதைச் செய்தவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, பிழை எண்டுதான் நினைத்திருக்கிறார். திருத்துகிறவர் மாற்றுவதற்கு முதல் ஒருக்கால் கேட்க வேணும், அவ்வளவுதான். 'வர மாட்டேங்குறாங்க' என்ற மகளின் வசனத்தை ஆராவது 'வருவதில்லை' எண்டு ஆக்கச் சொன்னால் விட்டுக்கொடுக்காதேங்கோ.

---

மெய்ப்புமேசை:

பனங்காய் சொல்வது நூற்றுக்கு நூறு. மெய்ப்பில் அடித்த சொல்லை அப்படியே விட வேண்டும் என்றால் அடியில் புள்ளி புள்ளியாக வைத்து ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதுவோம். 22 வருடத்தில் நான் கற்றது என்ன என்று கேட்டால், எங்கே புள்ளி வைப்பது என்பதுதான். ஆரம்பத்தில் 'கறுப்பு' என்பதையெல்லாம் 'கருப்பு' ஆக்கிய முட்டாள் நான். அகராதியில் இரண்டும் இருக்கிறது என்று ஒரு எழுத்தாளர் வந்து பக்கத்தைத் திறந்து காட்டினார்.

அகராதி என்றதும் ஞாபகம் வருகிறது. க்ரியா பதிப்பகத்தின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் வந்தது. அதோடு விடாமல் திருத்தி விரிவாக்கி 2008இல் மறுபடி, 2020இல் மூன்றாம் தடவை. மூன்றாம் பதிப்பு வந்த அதே நவம்பரில்தான் பதிப்பகத்தை நடத்திய க்ரியா ராமகிருஷ்ணன் காலமானார். எழுத்தாளரோடு வரி வரியாக உட்கார்ந்து பிரதியைச் செம்மைப்படுத்துவதைத் தமிழ்ப் பதிப்பில் ஒரு வேலையாக மதித்தவர்களில் அவர் பெரிய பெயர். இன்றைக்கும் நம் ஊரில் பல பதிப்பகத்தில் எடிட்டர் என்று தனியாக யாரும் கிடையாது, பிரதி நேராக என் போன்ற மெய்ப்புக்காரனிடம் வரும், நாளை அச்சு என்பார்கள். ஒரு ராத்திரியில் நான் ஒற்றுத்தான் போட முடியும், பக்கம் 40இல் செத்தவர் பக்கம் 70இல் காபி குடிக்கிறாரே என்று கேட்க நேரம் இருக்காது. (நிஜமாகவே குடித்தார். நல்லவேளை, கண்ணில் பட்டது.) அதனால்தான் எழுதுகிறவரே செய்யுங்கள் என்கிறேன்.

---

பொருநைக்கரை:

எல்லோருக்கும் நன்றி, இரண்டு வாரம் கழித்து வருகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இடையில் வேண்டுமென்றே கதையைத் திறக்கவில்லை. வாத்தியார் ஐயா சொன்ன கடைசிப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். 'அழுதான். முற்றும்' இல்லை, ஆனால் 'கண்களில் நீர் திரண்டது' என்று இருக்கிறது, கிட்டத்தட்ட அதேதான், சிரித்துவிட்டேன்.

அச்செடுத்தேன், பத்து இல்லை, பதினொரு பக்கம் வந்தது. அப்புறம் போனில் எழுத்தை வாசித்துக் காட்டுகிற வசதி இருக்கிறதே, அதைப் போட்டுக் காதில் கேட்டேன். நான் படிக்கும்போது நான் எழுத நினைத்ததைப் படிக்கிறேன், அது எழுதியிருப்பதை மட்டும்தான் படிக்கிறது, ஈவு இரக்கமே இல்லை. 'கொண்டிருந்த கொண்டிருந்தான் கொண்டிருந்தன' என்று அந்தக் குரல் உணர்ச்சியே இல்லாமல் சொன்னபோது பக்கத்து அறையிலிருந்து என் மனைவி யாருக்கு வாய்ப்பாடு நடத்துகிறீர்கள் என்று கேட்டாள்.

ரிம்பெண்டு அக்கா, உங்கள் பேச்சைக் கேட்டு இரண்டு காலை எங்கள் ஊர் முக்குக் கடையில் போய் உட்கார்ந்தேன். முதல் நாள் அவர் என்னை ஏதோ வசூலுக்கு வந்தவன் என்று நினைத்துப் பேசவே இல்லை.

நண்பனின் உயிர் விஷயம் பற்றியும் யோசித்தேன். அந்த ராத்திரி எழுதியதில் எனக்கு உயிராக இருந்தது மகளின் கேள்வி ஒன்றுதான், அதில் இப்போதும் கை வைக்கவில்லை. மற்றதில்தான் கை வைத்தேன். புது ஆரம்பம்:

> "அப்பா, நம்ம கடைக்கு ஏன் யாருமே வர மாட்டேங்குறாங்க?"
>
> முருகேசன் டியூபைத் தண்ணீரில் முக்கினான். குமிழி வரவில்லை. இன்னும் ஒரு சாண் திருப்பி முக்கினான். மகள் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தாள்.
>
> "வருவாங்க" என்றான்.

---

ஓய்ந்த வாத்தியார்:

ஒரு 'கொண்டு' மிச்சம் இருக்கிறது. இருக்கட்டும், கீழே புள்ளி வைத்துவிட்டேன். நன்றாக வந்திருக்கிறது தம்பி.

---

கூட்டுப்புழு:

பழையதில் இருந்த சோகம் எனக்கு இதில் குறைவாகத் தெரிகிறது. ஆனால் அந்த 'வருவாங்க'வில் நான் ஒரு நிமிடம் நின்றேன். சரி, என் கதை ஒன்றையும் எடுத்துத் திரும்பப் படிக்கிறேன், பயமாகத்தான் இருக்கிறது.

---

ரிம்பெண்டு:

இது சைக்கிள் கடை. தண்ணீரில் முக்கிப் பார்த்த இடத்தில் குமிழி வராமல் திருப்பித் திருப்பிப் பார்க்கிற அந்த நேரம் எனக்கு நன்றாகத் தெரியும், அப்போது அப்பாவிடம் எதுவும் கேட்கக் கூடாது.

ஒரே ஒரு சந்தேகம். யாருமே வராத கடை என்கிறீர்கள். அப்படியென்றால் முருகேசன் கையில் இருப்பது யாருடைய டியூப்?

---

பொருநைக்கரை:

அவனுடைய சொந்த சைக்கிள் டியூப்தான் அக்கா. அதில் பஞ்சரே இல்லை. மகள் பார்க்கிறாள் என்பதற்காகக் கழற்றி வேலை பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறான். அது ஆறாம் பக்கத்தில் நாலு வரியில் இருந்தது. மிகைபடக் கூறல் என்று நினைத்து முந்தாநாள் வெட்டிவிட்டேன்.

---

ரிம்பெண்டு:

ஐயோ. அதுதானே கதை!

---

ஓய்ந்த வாத்தியார்:

பட்டியலில் முதலாவது என்ன என்று மறுபடி ஒரு தடவை பாருங்கள் தம்பி.

---

பொருநைக்கரை:

குன்றக் கூறல், சொல்ல வேண்டியதைக் குறைத்துவிடுவது. பார்த்தேன் ஐயா. நடுச்சாமம் சொன்னபடி பழைய கோப்பு வேறு பெயரில் பத்திரமாக இருக்கிறது, இன்று ராத்திரி பிள்ளைகள் தூங்கியதும் அந்த நாலு வரியை எடுத்து வருகிறேன்.